ஒரு சிட்டிகை உப்பும் ஒரு கைப்பிடி வெல்லமும்: மின்சாரமில்லா ஊர்களில் உயிர்காத்த மருத்துவத்தின் வரலாறு



வறண்ட பள்ளத்தாக்கில் தாகத்தால் துடித்த பச்சிளம் பாலகனுக்காக அன்னை ஹாஜர் (அலை) அவர்கள் ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே ஏழு முறை ஓடினார்கள். ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்லும் ஒவ்வொருவரும் இன்றளவும் அந்த ஓட்டத்தை நிறைவேற்றியே ஆக வேண்டும். குழந்தையின் தாகம் தீர்க்க ஒரு தாய் பட்ட தவிப்பை அல்லாஹ் வணக்கமாகவே ஆக்கிவிட்டான். தண்ணீரும் உயிரும் எவ்வளவு நெருக்கமானவை என்பதை இதைவிட அழுத்தமாக உணர்த்த முடியாது.

நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இன்று செவிலியராகவும் மருத்துவராகவும் ஆய்வக உதவியாளராகவும் அயல்நாடுகளில் பணிபுரிகின்றனர். பெரும்பாலோர் குளிரூட்டப்பட்ட பெரிய மருத்துவமனைகளில் இருக்கின்றனர். ஆயினும் யமனிலும் சூடானிலும் இன்னும் பல நாடுகளிலும் மின்சாரம் எப்போது வரும் என்பது தெரியாமல், குழாயில் நீர் வருமா என்பது தெரியாமல் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்வோர் ஆயிரக்கணக்கில் உள்ளனர். அத்தகைய ஊர்களில் மருத்துவம் எவ்வாறு சாத்தியமாகிறது? இக்கேள்விக்கு விடை தரும் வரலாறு, நம்மைப் போலவே நெல்லும் மீனும் உண்டு வாழும் முஸ்லிம்கள் நிறைந்த வங்க தேசத்தில் நிகழ்ந்தது.

உடலின் நீரைப் பறிக்கும் நோய்

நம் முன்னோர் வாந்திபேதி என்று அஞ்சிய காலரா, மனிதனைக் கொல்லும் விதம் எளியது. அக்கிருமியின் நஞ்சு குடலைத் தாக்கியதும் உடலிலுள்ள நீரும் உப்பும் வெள்ளமாக வெளியேறத் தொடங்குகின்றன. கடுமையாகத் தாக்குண்டவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை நீரை இழக்கக்கூடும். காலையில் வயலுக்குச் சென்றவர் இரவுக்குள் ஜனாஸாவாகிவிடுவதும் உண்டு. இழந்த நீரையும் உப்பையும் திரும்பக் கொடுத்துவிட்டால் அவர் பிழைத்துவிடுவார்; சில நாள்களில் நோயும் தானே விலகும்.

இவ்வுண்மை 1830களிலேயே பிரிட்டனில் அறியப்பட்டது. 1831இல் வில்லியம் ஓஷாக்னஸி என்பவர் நோயாளிகளின் இரத்தத்தில் நீரும் உப்பும் குறைந்திருப்பதைக் கண்டறிந்தார். மறு ஆண்டே தாமஸ் லாட்டா என்ற மருத்துவர் உப்புநீரை நரம்பின் வழியே ஏற்றிப் பார்த்தார். இருபதாம் நூற்றாண்டில் இம்முறை செம்மை பெற்று, பெரிய மருத்துவமனைகளில் காலரா மரணங்கள் வெகுவாகக் குறைந்தன.

ஆனால், நரம்பில் ஏற்றும் நீர் மாசு மருவற்றதாக இருக்க வேண்டும். அதைக் காய்ச்சி வடிக்க ஆலை வேண்டும். கருவிகளைக் கிருமி நீக்க மின்சாரமோ எரிபொருளோ வேண்டும். கண்ணாடிப் புட்டிகளைச் சுமந்து செல்லப் பாதை வேண்டும். ஊசி குத்தப் பயின்றவர் வேண்டும். ஒரு நோயாளிக்கே பல லிட்டர் தேவைப்படும். ஆறுகளாலும் கால்வாய்களாலும் துண்டாடப்பட்ட கிழக்கு வங்கத்துக் கிராமங்களில் அன்று இவற்றுள் எதுவும் இல்லை. எனவே, மருந்து அறியப்பட்ட நோயால் மக்கள் மடிந்துகொண்டிருந்தனர். மருந்தில்லாத நோயால் இறப்பதைவிட இது பெரும் துயரம் அன்றோ!

டாக்காவுக்கு வந்த இளைஞர்கள்

1960இல் டாக்காவில் காலரா ஆய்வுக்கூடம் ஒன்று நிறுவப்பட்டது. அதன் கிராமப்புறக் களமாக மேக்னா ஆற்றுப் பகுதியிலுள்ள மத்லப் தேர்வு செய்யப்பட்டது. அங்கே நோயாளிகளைச் சேர்ப்பதற்கு விசைப்படகுகளே ஆம்புலன்ஸ்களாக ஓடின. மருத்துவமனையின் கட்டில்களும் அவ்வூருக்கு ஏற்றவையாய் அமைந்தன. கட்டிலின் நடுவே ஒரு துவாரம். அதன் கீழே ஒரு வாளி. வாளியில் சேர்ந்த அளவைப் பார்த்து, நோயாளி எவ்வளவு இழந்தார் என்பதை அறிந்துகொள்வர். மின்சாரமோ விலையுயர்ந்த கருவியோ இல்லாமல் செய்யப்பட்ட துல்லியமான அளவீடு அது.

இதற்கிடையே, சர்க்கரையுடன் சேரும்போது உப்பைக் குடல் நன்கு உறிஞ்சுகிறது என்பதை விஞ்ஞானிகள் கண்டறிந்திருந்தனர். காலரா நஞ்சு குடலின் மற்ற வேலைகளைக் கெடுத்தாலும், சர்க்கரையும் உப்பும் கைகோத்து நுழையும் இவ்வாயிலை மட்டும் அடைப்பதில்லை. இறைவன் திறந்து வைத்த இவ்வாயிலின் வழியே நீரும் உள்ளே செல்கிறது. அவ்வாறாயின் நரம்பில் ஏற்றுவதற்குப் பதிலாக வாய்வழியே புகட்டலாமே!

எண்ணம் எளிது, அளவுதான் கடினம். 1962இல் பிலிப்பைன்ஸில் ராபர்ட் பிலிப்ஸ் என்ற அமெரிக்கக் கடற்படை மருத்துவர் இதைச் சோதித்தபோது, கரைசலின் செறிவு மிகுந்ததால் நோயாளிகள் சிலர் உயிரிழந்தனர். பின்னர் அவரே டாக்கா ஆய்வுக்கூடத்தின் இயக்குநரானார். பழைய துயரம் அவரை எச்சரிக்கை மிக்கவராக்கியிருந்தது.

1967இல் டேவிட் நேலின், ரிச்சர்ட் கேஷ் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள் டாக்கா வந்து சேர்ந்தனர். இருவருக்கும் வயது முப்பதைக்கூட எட்டவில்லை. வாளியில் சேரும் அளவுக்கு நிகராகக் கரைசலைக் குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதே அவர்கள் கைக்கொண்ட விதி. 1968இல் 29 நோயாளிகளுக்கு இரவு பகலாகக் கண்விழித்து அளந்து அளந்து புகட்டினர். முதலில் உயிரை நிலைநிறுத்த நரம்பு வழியே சிறிது ஏற்றியபின் வாய்வழிக் கரைசலைத் தொடர்ந்தபோது, நரம்பில் ஏற்ற வேண்டிய நீரின் தேவை ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்தது. அவ்வாண்டே லான்செட் மருத்துவ இதழில் வெளியான அந்த ஆய்வறிக்கையில் ரஃபிகுல் இஸ்லாம், மஜீத் மொல்லா என்னும் வங்க முஸ்லிம் மருத்துவர்களின் பெயர்களும் இடம்பெற்றுள்ளன.

இவ்விடத்தில் ஒன்றை நாம் நேர்மையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். அயல்நாட்டிலிருந்து வந்த அந்த மருத்துவர்கள் நம் சமயத்தவர் அல்லர். ஆனாலும் நம் சகோதரர்களின் உயிரைக் காக்க உழைத்தனர். நன்மை யாரிடமிருந்து வந்தாலும் அதற்கு நன்றி கூறுவது நம் மார்க்கம் கற்பித்த பண்பு. எல்லாம் எங்களிடம் முன்பே இருந்தது என்று பெருமை பேசிவிட்டு ஓய்ந்திருப்பது அப்பண்பைச் சார்ந்ததன்று.

1971: புட்டிகள் தீர்ந்தபோது

1971இல் விடுதலைப் போர் மூண்டது. இலட்சக்கணக்கான மக்கள் எல்லை கடந்து இந்தியாவுக்குள் தஞ்சம் புகுந்தனர். மழைக்காலம்; முகாம்களில் தூய நீர் இல்லை; கழிப்பிடம் இல்லை. காலரா பரவியது. மேற்கு வங்கத்து எல்லையூரான போன்காவ் மருத்துவமனையில் நோயாளிகள் தரையெங்கும் கிடத்தப்பட்டிருந்தனர். நரம்பில் ஏற்றும் நீர்ப் புட்டிகளோ விரைவில் தீர்ந்துகொண்டிருந்தன.

அங்கே பணியாற்றிய மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாதாரண உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற கணக்கில் கொல்கத்தாவில் பொட்டலங்கள் கட்டப்பட்டன. முகாமில் அவை பெரிய பீப்பாய்களில் கரைக்கப்பட்டன. நோயாளிகளின் தாய்மாரும் மனைவியரும் பிள்ளைகளும் குவளைகளில் பிடித்துச் சென்று தாமே புகட்டினர். சிகிச்சை பெற்றவர்களில் இறந்தோர் 3.6 விழுக்காட்டினரே. அதற்கு முன்போ இறப்பு 30 விழுக்காடு வரை சென்றிருந்தது. மருத்துவரின் கையிலிருந்த சிகிச்சை முதன்முறையாகக் குடும்பத்தாரின் கைக்கு மாறியது.

அதே போரின்போது, லண்டனில் அறுவை மருத்துவம் பயின்றுகொண்டிருந்த ஸஃப்ருல்லாஹ் சௌத்ரி என்ற இளைஞர் படிப்பைத் துறந்து திரும்பினார். திரிபுராவின் பிஸ்ராம்கஞ்சில் மூங்கிலாலும் கூரையாலும் அமைந்த 480 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை உருவாவதில் அவர் முக்கியப் பங்காற்றினார். சித்தாரா பேகம் என்ற பெண் மருத்துவர் அதன் பொறுப்பை ஏற்றார். மருத்துவம் பயிலாத இளம்பெண்களே சில நாள் பயிற்சியுடன் அங்கு செவிலியராயினர். கட்டடம் மூங்கிலானாலும் அங்கு நடந்த பணி மூங்கிலைப் போல் வளைந்துவிடவில்லை.

வீடுதேடிச் சென்ற ஆசிரியைகள்

போர் ஓய்ந்தபின் எழுந்த கேள்வி இன்னும் பெரியது. பொட்டலங்களைச் செய்ய ஆலை இல்லாத, கொண்டு சேர்க்கப் பாதை இல்லாத நாட்டில், ஒவ்வொரு குடிசையிலும் இம்மருந்து இருக்க வழியென்ன?

ஃபஸ்லே ஹஸன் ஆபித் 1972இல் தொடங்கிய பிராக் என்னும் தொண்டு நிறுவனம் அதற்கு விடை கண்டது. மூன்று விரல்களால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் நீர். அளக்கும் கருவி அவரவர் கையே. 1980 முதல் 1990 வரை இளம்பெண்கள் குழுக்களாக ஊர் ஊராகத் தங்கி, வீடு வீடாகச் சென்று, தாய்மார்க்குப் பத்துச் செய்திகளைக் கற்பித்தனர். தாயின் கையாலேயே கரைசலைச் செய்ய வைத்தனர். பின்னர் வேறொருவர் சென்று, அத்தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்று விசாரிப்பார்; கரைசலின் மாதிரிகள் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்படும். தாய்மார் எந்த அளவு கற்றிருந்தனரோ அந்த அளவுக்கே கற்பித்தவருக்கு ஊதியம் கிடைத்தது. பாடம் நடத்தினோம் என்பதற்காகவன்றி, மாணவர் கற்றுக்கொண்டார் என்பதற்காகவே ஊதியம்! மத்ரஸாவில் பாடம் நடத்தும் என் போன்றோரை வெகுவாகச் சிந்திக்க வைக்கும் ஏற்பாடு இது.

தொடக்கத்தில் ஒரு வியப்பான தோல்வி நேர்ந்தது. தாய்மார் பாடத்தைச் சரியாகவே ஒப்புவித்தனர். ஆனால், குழந்தைக்கு நோய் வந்தபோது மிகச் சிலரே அதைப் பயன்படுத்தினர். காரணத்தைத் தேடியபோது இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. முதலாவது, கற்பித்த பணியாளர்களுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை. தமக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அவர்கள் மாத்திரையைத் தேடினர். தான் செயல்படுத்தாத உபதேசம் பிறர் உள்ளத்தில் இறங்குவதில்லை என்று நம் பெரியோர் சொல்வதற்கு இது ஒரு சான்று. இரண்டாவது, வீட்டு ஆண்களை யாரும் கலந்துகொள்ளவில்லை. தெரியாத பெண்கள் வந்து ஏதோ சொல்லிச் செல்கின்றனர் என்று அவர்கள் ஐயுற்றனர். பின்னர் பணியாளர்களுக்கு அம்மருத்துவம் செயல்படும் விதம் விளக்கப்பட்டது. ஆண்களிடம் கடைவீதிகளிலும் பள்ளிவாசல்களிலும் சென்று பேசினர். அதன்பின்னரே பயன்பாடு பெருகியது. பத்தாண்டுகளில் 1 கோடியே 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை இப்பாடம் சென்றடைந்தது.

வாய்வழி நீரேற்று மருத்துவம் உலகெங்கும் இதுவரை ஐந்து கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் காத்திருக்கும் என்று மதிப்பிடப்படுகிறது.

நீரே நோயும் நீரே மருந்தும்

நோயைத் தருவதும் நீரே, தீர்ப்பதும் நீரே என்பதால் வங்கத்தின் சோதனை அத்துடன் முடியவில்லை. குளத்து நீரும் ஆற்று நீரும் நோய் பரப்புகின்றன என்பதால் இலட்சக்கணக்கில் ஆழ்குழாய்க் கைப்பம்புகள் போடப்பட்டன. அவற்றுள் பலவற்றின் நீரில் இயற்கையாகவே ஆர்சனிக் நஞ்சு கலந்திருப்பது 1990களில் தெரியவந்தது. நன்மை நாடிச் செய்த செயலும் தொடர்ந்த கண்காணிப்பின்றி விடப்பட்டால் தீங்காகிவிடக்கூடும் என்பது அதன் பாடம்.

இன்னொரு புறம், எளிய வழியொன்றும் கிடைத்தது. காலராக் கிருமிகள் நீரிலுள்ள கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிரினங்களின் மீது ஒட்டி வாழ்கின்றன. பழைய பருத்திச் சேலையை நான்கு மடிப்புக்குக் குறையாமல் மடித்து நீரை வடிகட்டினால் அந்நுண்ணுயிரினங்கள் துணியில் தங்கிவிடுகின்றன. மத்லப் கிராமங்களில் செய்யப்பட்டு 2003இல் வெளியான ஆய்வு, இவ்வாறு வடிகட்டிய ஊர்களில் காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததைக் காட்டியது. விறகு வாங்கவும் வசதியற்ற வீட்டில் நீரைக் கொதிக்க வைக்கச் சொல்வது வீண் உபதேசம். பழைய சேலை இல்லாத வீடோ இல்லை.

மின்சாரமும் கருவியும் இல்லாத குறைக்கு மற்றொரு தீர்வும் அதே டாக்காவிலிருந்து வந்தது. நிமோனியாவால் மூச்சுத் திணறும் குழந்தைகளுக்குச் செயற்கை சுவாசக் கருவி வேண்டும். அது விலையும் மின்சாரமும் மிகுதியாகக் கேட்பது. முஹம்மத் ஜோபாயர் சிஸ்தி என்ற மருத்துவர், ஆஸ்திரேலியாவில் கண்ட ஒரு முறையைத் தம் நாட்டுக்கேற்ப மாற்றினார். குழந்தை வெளிவிடும் மூச்சுக்குழாயின் நுனியை நீர் நிரப்பிய ஷாம்பு புட்டிக்குள் அமிழ்த்தினார். எழும் குமிழிகள் தரும் அழுத்தம் நுரையீரல் சுருங்கிவிடாமல் காத்தது. 2015இல் வெளியான அவரது ஆய்வு, குழந்தை மரணங்கள் வெகுவாகக் குறைந்ததைப் பதிவு செய்தது. பின்னர் அம்முறை எத்தியோப்பியாவுக்கும் சென்றது.

பெற்றவர் கொடுப்பவரானார்

1994இல் ருவாண்டாவின் படுகொலைகளைத் தொடர்ந்து பல இலட்சம் அகதிகள் அன்றைய ஸயீர் நாட்டின் கோமா நகரில் குவிந்தனர். எரிமலைப் பாறை நிலம். கிணறு தோண்டவோ கழிப்பிடக் குழி வெட்டவோ இயலாது. ஏரி நீரையே அனைவரும் குடித்தனர். காலரா வெடித்துச் சில வாரங்களில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். உலகெங்குமிருந்து உதவிக் குழுக்கள் வந்திருந்தும் மரணங்கள் குறையவில்லை.

அப்போது டாக்காவின் சர்வதேச வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையத்திலிருந்து ஒரு மருத்துவக் குழு சென்றது. பழைய காலரா ஆய்வுக்கூடம்தான் 1978 முதல் அப்பெயரைப் பெற்றிருந்தது. அங்கே அவர்கள் கண்டது, நீரேற்றும் வேகம் போதவில்லை என்பதே. எவ்வளவு விரைவாக, எவ்வளவு அதிகமாகக் கொடுக்க வேண்டும் என்பதை வங்கத்து மருத்துவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். அவர்கள் பொறுப்பேற்ற சிகிச்சை மையத்தில் இறப்பு மிகவும் குறைந்தது. ஒரு காலத்தில் அயலவர் வந்து உதவி செய்த நாட்டின் மக்கள், இப்போது அயல்நாட்டில் உதவும் கரங்களாயினர். அவர்கள் கொண்டுசென்ற மூலதனம், இல்லாமையின் நடுவே தாம் கற்ற கல்வியே.

நம் வீடுகளுக்கு இதில் என்ன இருக்கிறது?

ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் நிவாரணத்தை இறக்கியுள்ளான் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அந்நிவாரணத்தைத் தேடுவதும், தேடிக் கண்டதைப் பிறருக்குச் சேர்ப்பதும் நம் கடமை. கீழ்க்காணும் செய்திகளை ஒவ்வொரு குடும்பத்தாரும் நினைவில் இருத்த வேண்டுகிறேன்.

வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று எண்ணி நீரையும் தாய்ப்பாலையும் நிறுத்தும் வழக்கம் சில வீடுகளில் இன்றும் உண்டு. இது ஆபத்தானது. பாலையும் உணவையும் நிறுத்தலாகாது. அரசு மருத்துவமனைகளிலும் மருந்துக்கடைகளிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமே சிறந்தது, அதில் குறிப்பிட்ட அளவு நீரிலேயே கரைக்க வேண்டும். அது கிடைக்காதபோது, ஒரு லிட்டர் தூய நீரில் மட்டமாக எடுத்த ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் மட்டமாக எடுத்த அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டலாம். உப்பு மிகுந்தால் கேடு என்பதை முன்பு சொன்ன வரலாறே காட்டுகிறது. குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, குடிக்க இயலாதிருந்தாலோ, கண்கள் குழிவிழுந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

வயிற்றுக் கோளாறுக்குத் தேன் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறிய ஹதீஸைக் காட்டி, வேறெதுவும் வேண்டாம் என்போர் உளர். அந்த ஹதீஸை நாம் ஏற்கிறோம். ஆயினும் அது மற்ற மருந்துகளைத் தடுக்கவில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கலாகாது என்று மருத்துவர்கள் எச்சரிப்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

ரமளானில் கடும் வயிற்றுப்போக்குக்கு ஆளானவர் நோன்பை விட்டு நீர் அருந்த மார்க்கம் சலுகை அளிக்கிறது. உயிருக்கு ஆபத்து என்னும் நிலையில் விடுவதே கடமையாகும். பின்னர் களாச் செய்துகொள்ளலாம். தன்னைத்தானே அழிவில் தள்ளுவது தக்வா ஆகாது.

இறுதியாக, மருத்துவத் துறையில் கால்வைக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு சொல். கருவிகள் நிறைந்த இடத்தில் பணிபுரிய நேர்ந்தால் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்துங்கள். அவை இல்லாத நாட்டில் பணிபுரிய நேர்ந்தால் மனம் தளராதீர்கள். விளக்கு அணைந்தாலும் வாளியில் உள்ளதை அளக்கலாம். புட்டி தீர்ந்தாலும் குவளையால் புகட்டலாம். நோயாளியின் தாயை மாணவியாக ஏற்றால், நீங்கள் ஊர் திரும்பிய பின்னும் உங்கள் பணி அங்கே தொடரும். பயன்தரும் கல்வி மரணத்துக்குப் பின்னும் நன்மை சேர்க்கும் என்று நாம் நம்புகிறோம் அல்லவா? மேக்னா ஆற்றங்கரைக் குடிசையில் ஒரு தாய் தன் மகளுக்குக் கற்றுக்கொடுக்கும் அந்த ஒரு சிட்டிகை உப்பின் அளவும் அத்தகைய கல்வியே.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண நிவாரணம் அளிப்பானாக. போரிலும் பஞ்சத்திலும் சிக்கிய நாடுகளில் பணியாற்றும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் பாதுகாப்பானாக. தாகித்தோருக்கு நீர் அளிப்போராக நம்மையும் நம் சந்ததியினரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.